வாத்துக்கு மார்கழி, நமக்குச் சித்திரை

அரியலூருக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று திருச்சியில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். "அங்கே என்ன இருக்கு, சுண்ணாம்புக்கல் லாரியும் வெயிலும்தானே" என்பார்கள். பெரம்பலூர் என்றாலும் இதே பதில்தான்; லாரிக்குப் பதில் மக்காச்சோளம் என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்காத ஒரு கூட்டம் மட்டும் குளிர்காலம்தோறும் இங்கே வந்து இறங்குகிறது. அவை வரித்தலை வாத்துகள். வெளிர்சாம்பல் உடல், வெள்ளைத் தலை, பின்தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள். மங்கோலியா, திபெத், லடாக் பகுதி ஏரிகளில் கோடையைக் கழித்து, குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டித் தெற்கே வருகிற பறவை இது. தமிழ்நாட்டில் அது விரும்பித் தங்கும் இடங்களில் ஒன்று, அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் பக்கம் இருக்கிற கரைவெட்டி ஏரி.

இந்த வாத்து எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பதை அறிய, செயற்கைக்கோள் கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். பதிவான அதிகபட்ச உயரம் 7,290 மீட்டர். பெரும்பாலான நேரம் அவ்வளவு உயரத்தில் அது இருப்பதில்லை. மலை ஏறினால் ஏறி, பள்ளத்தாக்கு வந்தால் இறங்கி, நிலத்தையொட்டியே போகிறது. பறப்பதும் அதிகமாக இரவிலும் விடியலிலும்தான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதில் சிறகடித்தால் உந்துவிசையும் கூட, ஆக்சிஜனும் கூட. அதன் ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதால், மெலிந்த காற்றிலிருந்தும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ள முடிகிறது. இத்தனை ஏற்பாட்டோடு அது தேடி வருவது முழங்கால் அளவுத் தண்ணீரையும், பக்கத்தில் நெல் வயலையும், உறையாத ஓர் இரவையும்தான்.

புறப்பட்ட இடத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். லடாக்கில் சோ மோரிரி ஏரிக்கரையில் கோர்ஸோக் என்றொரு சிறு கிராமம், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில். கோடையில் அங்கே ஆட்டுமந்தைகளும் கூடாரங்களும் சுற்றுலாப் பயணிகளும். குளிர்காலத்தில் ஏரி உறைந்து பாளமாகிவிடும். அந்த ஊரில் வெளியே நடமாட உகந்த மாதங்கள் சூன் முதல் செப்டம்பர் வரை. நமக்கு நேர் எதிர். திருச்சி வானிலை நிலையத்தின் நெடுங்காலச் சராசரியை எடுத்தால் சனவரியில் பகல் சுமார் 30 பாகை செல்சியஸ், இரவு 20, 21. மே மாதத்தில் பகல் 38ஐ ஒட்டி. கத்திரி உச்சத்தில் 40ஐத் தாண்டும். வாத்து இரண்டு ஊரிலும் நல்ல மாதங்களை மட்டும் வாங்கிக்கொண்டு, மாசி, பங்குனிக்குள் கிளம்பிவிடுகிறது. கோர்ஸோக்காரரும் நாமும் அப்படிக் கிளம்ப முடியாது. ஒரு சிற்றூர் குடியிருக்க ஏற்றதா என்பதை அதன் நல்ல மாதங்களை வைத்து அளப்பதில் பொருளில்லை. மோசமான மாதங்களில் மாலை ஐந்து மணிக்கு ஒரு பிள்ளை வெளியே போய் விளையாட முடிகிறதா என்று கேட்க வேண்டும். இந்தக் கட்டுரைக்கு அதுதான் அளவுகோல்.

கரைவெட்டி பெரிய ஏரி. பறவைகள் சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 454 எக்டேர், அதாவது நாலரைச் சதுர கிலோமீட்டர். 2024 சனவரி இறுதியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இது சேர்ந்தது. அதே அறிவிப்பில் நீலகிரியின் லாங்வுட் சோலையும், கர்நாடகத்தின் மூன்று இடங்களும் வந்தன. இந்தியாவின் ராம்சார் எண்ணிக்கை 80 ஆனது அன்றுதான். ஏரிக்கு மழைத்தண்ணீர் மட்டும் போதாது. இந்த இரு மாவட்டங்களிலும் ஆண்டு மழை 900 மில்லிமீட்டர் அக்கம்பக்கம், அதில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவது. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஓர் ஆண்டில் ஆவியாகிப் போவதோ அதைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். தன்மேல் விழும் மழையை மட்டும் நம்பினால் எந்த ஏரியும் இங்கே நிற்காது. சுற்றியுள்ள நிலத்திலிருந்து வரத்து வாய்க்கால் வழியாக வர வேண்டும். அல்லது கரைவெட்டிக்கு வருவதுபோல், மேட்டூரில் திறந்த காவிரித் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து சேர வேண்டும். வாத்து வந்து இறங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே, மேட்டூர் மதகில் அதற்கான ஏற்பாடு தொடங்கிவிடுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

ஏரி நிறைந்திருந்தால் ஊர் குளுமையாக இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறோம். எவ்வளவு குளுமை? கணக்குப் போடலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால் அது ஒரு லிட்டர். ஒரு லிட்டர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை வெயிலும் சுற்றியுள்ள காற்றும் நீரும்தான் கொடுக்க வேண்டும். தை மாதத்தில் நாளொன்றுக்கு நான்கு மில்லிமீட்டர் ஆவியாவதாக வைத்துக்கொள்வோம். நாலரைச் சதுர கிலோமீட்டருக்கு அது 1.8 கோடி லிட்டர். அதற்குச் செலவாகும் வெப்பத்தை மின்சார யூனிட்டில் சொன்னால் சுமார் 1.2 கோடி யூனிட். ஒன்றரை டன் ஏசி இருபத்துநான்கு மணி நேரமும் ஓடி வெளியேற்றும் வெப்பத்தோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய 95,000 ஏசிகள். அரியலூர் நகரத்தில் அத்தனை ஏசி கிடையாது.

எண் மலைக்க வைக்கிறது. ஆனால் இதில் மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது, கூரையில்லாத ஏசி இது. குளிர்ந்த காற்று மேலே எழும் காற்றோடு கலந்து சிதறிவிடும். இந்த அளவு ஏரியின் குளுமை காற்று போகும் திசையில் சில நூறு மீட்டர்வரை உறைக்கும், அதற்கப்பால் மங்கிவிடும். ஆடி மாத மேல்காற்றில் ஏரிக்குக் கிழக்கே இருக்கும் தெருவுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. மேற்கே இருக்கும் தெருவுக்கு இல்லை.

இரண்டாவது, நம் உடம்பு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் சுமார் 100 வாட் வெப்பம் வெளியிடுகிறார். வேகமாக நடந்தால் 300க்கு மேல். காற்றின் வெப்பம் தோலின் வெப்பமான 35 பாகையைத் தொட்டுவிட்டால், வியர்வை ஆவியாவது ஒன்றுதான் வெளியேறும் வழி. அதனால்தான் வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை, சாதாரண வெப்பநிலையைவிட உண்மையைச் சொல்கிறது. ஈரக்குமிழ் 35 பாகையைத் தொட்டால் மனித உடல் தாங்காது என்று 2010இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2022இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை அறைக்குள் வைத்துச் சோதித்தபோது, ஈரப்பதம் மிகுந்த சூழலில் 31ஐ ஒட்டியே உடல் தடுமாறத் தொடங்கியது. ஏரி செய்வது என்னவென்றால், காற்றின் வெப்பத்தைக் குறைக்கிறது, அதே அளவுக்கு ஈரத்தை ஏற்றுகிறது. ஈரக்குமிழ் அளவு பெரிதாக மாறுவதில்லை. காற்று வறண்டிருக்கும் சித்திரையில் இந்தப் பண்டமாற்று நமக்கு லாபம். பெரம்பலூர்ப் பக்கம் வெயில் 40ஐத் தொட்டாலும் காற்றில் ஈரம் குறைவு என்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும். புரட்டாசிப் புழுக்கத்தில் அதே ஏரிக்கரையில் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டும்.

இரவு இன்னொரு விசித்திரம். தண்ணீர் மெல்லச் சூடாகும், மெல்லத்தான் ஆறும். பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் விடும். நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நகர நீர்நிலைகள் இரவு வெப்பத்தைக் கூட்டவும் செய்கின்றன என்று கண்டு சொன்னபோது, நீர் என்றாலே குளுமை என்று திட்டம் போட்டிருந்த நகரத் திட்டக்காரர்கள் யோசிக்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் கோடை இரவைக் காப்பாற்றுவது பெரும்பாலும் கடல்காற்றுதான். வங்கக் கடலிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருந்தாலும், சில நாட்களில் அந்தக் கிழக்குக் காற்று ராத்திரியில் அரியலூரை எட்டிவிடும். எட்டாத நாளில் மொட்டைமாடியில் பாய் விரித்தும் பயனில்லை.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. இந்தக் குளுமை நமக்குத் தேவைப்படும்போது ஏரியில் தண்ணீர் இருப்பதில்லை. நம் ஏரிகள் ஆழமில்லாதவை. பாசனத்துக்காக நீளக் கரை எழுப்பிப் பரவவிட்டவை. தை முதல் சித்திரைவரை 120 நாள், நாளுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் வீதம் போனாலே அறுபது, எழுபது சென்டிமீட்டர் காற்றோடு போய்விடும். மீதியை வயல் எடுக்கும், மண் குடிக்கும். சித்திரையில் பல ஏரிகள் வெடித்த களிமண் வெளிகளாகிவிடும். குளிரூட்டி மார்கழியில் ஓடுகிறது, சித்திரையில் நிற்கிறது.

அதனால் ஊர் ஏரியை விட்டுவிடுகிறதா? இல்லை. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் மீன்பிடித் திருவிழா என்று ஊரே இறங்குகிறது. பெரியவர் ஒருவர் கரையில் நின்று துண்டை வீசியதும், ஊத்தா, வலை, கொசுவலை, பழைய வேட்டி எனக் கையில் அகப்பட்டதோடு சுற்றுவட்டாரமே சேற்றில் பாய்கிறது. விரால் கிடைத்தவருக்கு அன்று ஊரில் மரியாதையே தனி. ஒட்ட வற்றிவிட்டால் அதே இடம் கிரிக்கெட் மைதானம். மூன்று கருவேலங்குச்சி ஸ்டம்ப், டென்னிஸ் பந்து, பவுண்டரிக்கு ஏரிக்கரை. மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஸ்டேடியத்தைவிட இந்த ஏரிகளில்தான் அதிகப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நான் துணிந்து சொல்வேன். கூத்து பங்குனி, சித்திரையில் நிலவு வெளிச்சத்துக்கு நகர்ந்ததும் இந்தப் பகல் வெயிலால்தான் என்று தோன்றுகிறது. வாத்து எப்படி இரவில் பறக்கிறதோ, அப்படித்தான் நம் ஊர்க் கோடைக் கொண்டாட்டங்களும் இரவுக்குப் போயின.

இங்கே ஏரியை உருவாக்கியே ஒரு தலைநகரை வாழவைத்த முன்னுதாரணமும் உண்டு. பதினோராம் நூற்றாண்டில் முதலாம் ராசேந்திர சோழன் காவிரிப் படுகைத் தஞ்சையை விட்டுக் கங்கைகொண்ட சோழபுரத்தில் தலைநகரை அமைத்தான். கங்கைப் படையெடுப்பின் வெற்றிச் சின்னமாக அங்கே சோழகங்கம் என்ற பேரேரியை வெட்டினான். இன்று அதைப் பொன்னேரி என்கிறோம். மேட்டு நிலத்தில் அரண்மனையும் கோயிலும் கடைத்தெருவும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நிலைக்க, அவ்வளவு பெரிய ஏரி இல்லாமல் முடிந்திருக்காது. கல்லில் தூண் நட்டிருந்தால் வெற்றி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

ஏரியைப்போலவே தண்ணீர் வைத்திருக்கும் இன்னொன்று இந்த மாவட்டங்களில் பெருகிவருகிறது: சுரங்கக் குழி. இதன் கதை மிகப் பழையது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் கடலடியில் இருந்தது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கிடக்கும் பதினெட்டு மீட்டர் நீளக் கல்மரம், அந்தக் கடலுக்கு அடித்துவரப்பட்டுப் புதைந்த மரம். அதை 1940இல் அடையாளம் கண்டு சொன்னவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ்.கிருஷ்ணன். காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் இன்றும் மழைக்குப் பிறகு கடலுயிர்களின் கல்லெச்சங்கள் வெளியே வருகின்றன. கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் படிந்ததுதான் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல்லால் சிமென்ட் ஆலைகள் வந்தன, சிமென்டால் வேலை வந்தது, லாரிப் புழுதியும் வந்தது. கல்லெடுத்து முடித்த இடத்தில் செங்குத்துச் சுவரோடு குழி நிற்கிறது. மழைத்தண்ணீரும் ஊற்றும் சேர்ந்து, மே மாதத்திலும் பச்சை நிறத்தில் தளும்புகிறது.

ஏன் வற்றுவதில்லை என்பதற்கு விடை வடிவத்தில் இருக்கிறது. பத்து எக்டேர் பரப்பில் இரண்டு மீட்டர் ஆழமுள்ள ஏரியும், ஒரு எக்டேர் பரப்பில் இருபது மீட்டர் ஆழமுள்ள குழியும் ஒரே அளவு தண்ணீரைப் பிடிக்கும். ஆவியாதல் மேற்பரப்பில்தான் நடக்கும் என்பதால் குழி இழப்பது பத்தில் ஒரு பங்கு. ஆனால் குளுமையும் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஊரைக் குளிர்விக்கும் தண்ணீர் என்பது நாம் இழக்கும் தண்ணீர்தான்; இரண்டையும் ஒரே இடத்தில் கேட்க முடியாது. கோடைக் குடிநீருக்கும் கால்நடைக்கும் சேமிக்க ஆழக்குழி நல்லது. வாத்துக்கும் நிலத்தடி நீருக்கும் பரந்த ஏரி நல்லது. எல்லா ஏரியையும் பொக்லைன் விட்டு ஆழப்படுத்திவிடலாம் என்ற இப்போதைய ஆர்வத்தில் எனக்கு உடன்பாடில்லை. வரித்தலை வாத்துக்கும் கரையோரம் மேயும் கொக்கு நாரைகளுக்கும் வேண்டியது ஆழமற்ற விளிம்பு; அதைச் செங்குத்தாக வெட்டிவிட்டால் அவை வேறு இடம் பார்க்கும். வண்டல் எடுப்பது சரி, கிணறாக்குவது தவறு. சுரங்கக் குழியில் நீந்தப் போகும் பிள்ளைகளுக்கோ அது எமன். ஏரியில் கால் வைத்தால் தரை சரிந்து சரிந்து ஆழமாகும். குழியில் அடுத்த அடியிலேயே தரை இராது. கைவிட்ட குழிகளைச் சுற்றி முழு வேலியும், இறங்க வேண்டிய இடங்களில் சரிவும் படியும் அமைக்காமல் ஒரு குழியைக்கூட நீர்நிலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அப்படியானால் சித்திரையில் மாலை ஐந்து மணிக்கு அந்தப் பிள்ளை எங்கே போவது? நிழலுக்கு. இதில் அறிவியல் மிகத் தெளிவு. உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டரில் 900 முதல் 1,000 வாட்வரை சூரியக் கதிர் விழுகிறது. உடம்பே வெளியிடும் 100 வாட்டைவிட அது பல மடங்கு. காற்றின் வெப்பத்தை ஒரு பாகைகூட மாற்றாமல், ஒரு புளியமரம் அந்தச் சுமையைத் தடுத்துவிடும். கூடவே ஆழ வேரால் நிலத்தடி நீரை இழுத்து இலை வழியாக ஆவியாக்கும். ஏரி நிறுத்திய வேலையை, ஏரி நிலத்துக்குள் இறக்கிவைத்த தண்ணீரைக் கொண்டே மரம் கோடையில் தொடர்கிறது. இந்தப் பகுதிக்காரர்களுக்குக் காற்றோட்டமும் நிழலும் புதிய பாடமல்ல. பெரம்பலூர் விவசாயி சின்ன வெங்காயத்தை மாதக்கணக்கில் கெடாமல் வைக்கப் போடும் பட்டறையைப் பாருங்கள்: தரையிலிருந்து தூக்கிய மேடை, காற்று புகும் பக்கங்கள், மேலே கூரை. வெங்காயத்துக்குச் செய்கிறோம், பள்ளிக்கூடத்துக்குச் செய்வதில்லை.

ஏரியை அழகுபடுத்தும் திட்டம் என்று இப்போது பல ஊர்களில் நடப்பதைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. கரையில் இருந்த பனையையும் வேம்பையும் அகற்றி, பேவர் பிளாக் பதித்து, ஊர்ப்பெயரை வண்ண எழுத்தில் நிறுத்தி, செல்ஃபி எடுக்க ஒரு மேடை. பேவர் பிளாக் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, நடைப்பயிற்சிக்கு ஆள் வரும் நேரம் பார்த்துத் திருப்பிக் கக்குகிறது. மார்கழியில் படத்துக்கு நன்றாக இருக்கும். சித்திரையில் நாய்கூட அதில் படுக்காது. மண்பாதையும் இரண்டு வரிசை மரமும் போதும், செலவும் குறைவு.

இனி வரும் ஆண்டுகள் இதைக் கடினமாக்கும். வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று சுமக்கக்கூடிய நீராவி சுமார் ஏழு விழுக்காடு கூடும். மழை பெய்தால் ஒரேயடியாகக் கொட்டும், இடைவெளிகள் நீளும், ஏரியிலிருந்து உறிஞ்சுவதும் கூடும். வடக்கு ஏரிகளில் இந்த மாற்றம் பனிக்கட்டியில் தெரிகிறது. ஜப்பானில் சுவா என்ற சிறு ஏரி இருக்கிறது. அது உறைந்து, பாளம் பிளந்து மேடாக எழும் நாளை அங்குள்ள ஷின்டோ கோயில் பூசாரிகள் 1443 முதல் எழுதிவருகிறார்கள். கடவுள் ஏரியைக் கடந்து தன் துணைவியைப் பார்க்கப் போன தடம் அது என்பது நம்பிக்கை. முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாமல் போனது மூன்று முறை. 2005 முதல் 2014 வரையிலான பத்தே ஆண்டுகளில் ஐந்து முறை. காலநிலை ஆய்வாளர்கள் இன்று உலகின் மிக நீண்ட ஏரிப்பனிப் பதிவுகளில் ஒன்றாக அதைக் கொண்டாடுகிறார்கள். எந்தக் கருவியும் இல்லாமல், தேதி எழுதும் பழக்கத்தால் மட்டும் கிடைத்த தரவு அது.

நம் ஏரிகளுக்கு அப்படி ஒரு ஏடு இல்லை. எந்த ஆண்டு கலிங்கு பாய்ந்தது என்று கேட்டால் "பெரியவன் பிறந்த வருஷம்" என்று பதில் வரும். ஆகவே கரைவெட்டி, பொன்னேரி சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கும், ஏரியுள்ள எந்த ஊர்ப் பள்ளி ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிச் சுவரில் ஆண்டுக்கு மூன்று தேதி எழுதுங்கள்: ஏரிக்குள் முதல் தண்ணீர் வந்த நாள், கலிங்கு பாய்ந்த நாள், கடைசித் தண்ணீர் வற்றிய நாள். கரைவெட்டிப் பிள்ளைகள் நான்காவதாக, முதல் வாத்து வந்திறங்கிய நாளையும் சேர்த்துக்கொள்ளலாம். பத்து ஆண்டு எழுதினால், வாய்க்கால் தூர்வாரச் சொல்லி ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகும்போது கையில் கணக்கு இருக்கும். செலவு ஒரு டப்பா பெயின்ட். வருகிற ஐப்பசியிலேயே தொடங்கிவிடுங்கள்.